சிங்க்கடியில் தொடங்கும் வேலை: வீட்டு பிளாஸ்டிக்கைப் பிரிப்பது எப்படி

பிளாஸ்டிக்கை ஒழுங்காகப் பிரித்து வைத்தும் அது கடைசியில் குப்பை லொறிக்கே போய்ச் சேர்கிறதென்றால், பெரும்பாலும் காரணம் ஈரம்தான். ஒரு போத்தலின் அடியில் இரண்டு கரண்டி யோகட் பானம் மிஞ்சியிருந்தால் போதும். சாக்கு முழுதும் பிசுபிசுத்து, எறும்பு மொய்த்து, மூன்றாம் நாள் நாறத் தொடங்கும். எடுக்க வருகிறவர் அதைத் தொடமாட்டார்.

கழுவுவதற்குப் புதுத் தண்ணீர் செலவழிக்க வேண்டாம். அரிசி களைந்த தண்ணீரோ, கோப்பை கழுவிய கடைசித் தண்ணீரோ போதும். போத்தலில் கால்வாசி ஊற்றி, மூடி, பத்துத் தரம் குலுக்கி ஊற்றுங்கள். தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்கு இது சரிவராது. அதை இரவு முழுக்கக் கவிழ்த்து எண்ணெயை வடியவிட்டு, காலையில் அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து துளியும் விட்டுக் குலுக்குங்கள். கொதிதண்ணீர் ஊற்றினால் போத்தல் கையிலேயே சுருங்கிவிடும். 70 பாகையைத் தாண்டினாலே, இந்தப் போத்தல்கள் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் இளகத் தொடங்கும். மண்ணெண்ணெயோ தின்னரோ ஊற்றி வைத்த போத்தலைக் கழுவிப் பயனில்லை. அது பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும், மற்றதோடு சேர்க்காதீர்கள்.

கழுவியதை வாய் கீழாக வைத்துக் காயவிடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான மழையில் கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் பல்கனிதான் இதற்கு இருக்கிற ஒரே இடம். அங்கே வாய் மேலாக நிற்கிற போத்தலில் மழைத்தண்ணீர் தேங்கினால், ஒரு கிழமை, பத்து நாளில் டெங்கு நுளம்பு உருவாகிப் பறக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

இனிப் பிரிப்பு. இலங்கையின் நிற ஒழுங்கில் பிளாஸ்டிக்குக்கும் பொலித்தீனுக்கும் செம்மஞ்சள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே செம்மஞ்சள் வாளியில் கொட்டினால் மறுபடி யாரோ கையால் பிரிக்க வேண்டும். வெறும் அரிசிச் சாக்கு மூன்று இருந்தால் போதும்: பெட் போத்தலுக்கு ஒன்று, தடித்த பிளாஸ்டிக்குக்கு ஒன்று, பொலித்தீனுக்கு ஒன்று. பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் பெட்: தண்ணீர், சோடாப் போத்தல்கள். 2, 5 என்றால் தடித்த பிளாஸ்டிக்: ஷாம்பு, புளீச் போத்தல், ஐஸ்கிரீம் டப்பா, உடைந்த வாளி.

பெட் போத்தலுக்குத்தான் எளிதாக ஆள் கிடைக்கும்; இங்கேயே அதைச் செதிலாக்கி நூலாக்குகிறார்கள். மூடியைக் கழற்றி, லேபலைக் கிழித்து, போத்தலை மிதித்துத் தட்டையாக்குங்கள். மூடி இருந்தால் உள்ளே காற்று நிற்கும், தட்டையாகாது, சாக்கு பத்துப் போத்தலில் நிரம்பிவிடும். மூடி தடித்த பிளாஸ்டிக் சாக்குக்கு. கழுத்தில் மிஞ்சும் வளையத்தை வெட்டி எடுக்க மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தொழிற்சாலையில் செதில்களைத் தண்ணீர்த் தொட்டியில் போடும்போது பெட் தாழும், மூடி, வளையத் துண்டு மிதக்கும், தானாகப் பிரிந்துவிடும். வீட்டிலும் பார்க்கலாம்: பேசின் தண்ணீரில் ஒரு மூடியையும் போத்தலில் வெட்டிய ஒரு துண்டையும் அமுக்கிவிட்டு கையை எடுங்கள்.

இந்தத் தொட்டி பிரிக்காத சரக்கு பிவிசி. அதுவும் தாழ்ந்து பெட்டோடு கலந்துவிடும். பெட் உருகும் சூட்டில் பிவிசி கருகி அமிலப் புகை விடும், முழுச் சரக்கிலும் கறுப்புப் புள்ளி விழும். ஆகவே பைப் துண்டு, மழைக்கோட்டு, குளிசை அட்டை மூன்றும் பெட் சாக்குப் பக்கமே போகக்கூடாது. போத்தலை இறுக்கிச் சுற்றியிருக்கும் சுருங்கு லேபலும் சிலவேளை பிவிசிதான். லேபலைக் கிழிக்கச் சொல்வது அதனால்தான்.

பொலித்தீனில் சொப்பிங் பேக், பாண் உறை, சாமான் சுற்றி வரும் தெளிவான உறை எல்லாம் சேரும், துப்பரவாகவும் காய்ந்தும் இருந்தால். பில், ஸ்டிக்கர், செலோடேப்பை எடுத்துவிடுங்கள். ‘மக்கும்’ என்று அச்சடித்த பேக்கை இதில் போடாதீர்கள். அது வேறு பொருள், கலந்தால் உருக்குகிற சரக்கைக் கெடுக்கும். சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீட்தான் தீராத தலைவலி. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான தடிப்புள்ள பொலித்தீனை 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்தார்கள். சீட் இன்னும் வருகிறது. பருப்புக் குழம்பும் எண்ணெயும் பிடித்த சீட்டைக் கழுவுகிற தண்ணீருக்கு அது பெறாது. சாப்பாட்டுக் கடைக்கு டப்பா கொண்டுபோவதே மேல்.

பால்மா, பிஸ்கட், நூடில்ஸ் உறைகளைக் கசக்கிப் பாருங்கள். விட்டதும் விரிந்தால், உள்ளே வெள்ளிபோல மினுங்கினால், அது பல அடுக்கு ஒட்டிய உறை. சாதாரணமாக யாரும் வாங்கமாட்டார்கள். யோகட் கப் நெரித்ததும் படாரென்று வெடித்தால் அது 6. அதற்கும் ரெஜிபோமுக்கும் ஆள் கிடைப்பது அரிது. இவை மிச்சக் குப்பைக்கே. ஆனால் சாப்பாட்டுக் கழிவோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கொழும்பின் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் கெரவலப்பிட்டி நிலையம் 2021 முதல் இயங்குகிறது, நனைந்த குப்பையில் நிறையச் சூடு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். முற்றத்தில் நீங்களே கொளுத்துவது அதைவிட மோசம், சட்டப்படியும் தடை.

கொடுப்பதற்கு முன் போத்தல்காரரிடமோ பழைய சாமான் கடையிலோ எதை எடுப்பார்கள் என்று கேளுங்கள். கடைக்குக் கடை மாறும். விலையை நம்பி இறங்காதீர்கள்: ஒன்றரை லீட்டர்ப் போத்தல் 30 கிராம் அளவுதான், முப்பதுக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு கிலோ. வாங்க ஆளில்லாவிட்டால் மாநகர சபை லொறி வரும் நாளில் சாக்கைத் தனியாகக் கட்டி, உள்ளே என்ன இருக்கிறதென்று ஊழியரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள். வாசலில் வைத்துவிட்டுப் போனால் எல்லாப் பையோடும் சேர்ந்து நசுங்கும்.