இரண்டு கைபேசிகள், ஒரு கைதட்டல்: குறும்படத்தில் வசனத்தைத் தெளிவாகப் பதிவது எப்படி?

முதல் குறும்படம் எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான். கையில் இருக்கும் கைபேசியே போதும். கவலையெல்லாம் ஒலியைப் பற்றி இருக்கட்டும். என் முதல் படத்தில் தாயும் மகனும் சமையலறையில் பேசும் காட்சியை மூன்று மணி நேரம் எடுத்தோம். எடிட்டிங்கில் கேட்டால், அந்த அம்மாள் குரல் உடைந்து பேசிய இடத்தில் ஃபிரிட்ஜின் உறுமல்தான் கேட்டது. அந்த நடிப்பு மறுபடி கிடைக்கவே இல்லை.

அதனால் முதலில் அறையை அடக்குங்கள். மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணையுங்கள். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது அதை மறுபடி போட மறக்க மாட்டீர்கள். வெற்றுச் சுவர் எதிரொலிக்கும். கேமராவில் தெரியாத பக்கம் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள்.

அடுத்து, இரண்டாவது கைபேசியை ஒலிப்பதிவுக்கென்றே ஒதுக்கி, அழைப்பு வராதபடி ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் மைக் கீழ் விளிம்பில் இருக்கும். அந்த விளிம்பு நடிகரைப் பார்க்கட்டும், வாயிலிருந்து ஒரு முழத்துக்குள். தூரம் இரட்டித்தால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் இறங்கும். அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும். மேசையில் வைத்தால் அடியில் மடித்த துண்டு ஒன்று வேண்டும், தம்ளர் வைக்கும் சத்தம்கூட இடிபோல் பதியும்.

படம்பிடிக்கும் கைபேசியில் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரம்) 1/50 விநாடி என வையுங்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கொளி மினுக்காது. திரையில் நடிகரின் முகத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள்.

இரண்டு கைபேசிகளும் பதியத் தொடங்கியபின், காட்சி எண்ணைச் சொல்லிக் கேமரா முன் ஒருமுறை பளிச்சென்று கைதட்டுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் இதைச் செய்ய வேண்டும்.

கடைசி ஷாட் முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, வெறும் அறையை 30 விநாடி பதியுங்கள். வசனங்களுக்கு நடுவே வெட்டிய இடங்களை நிரப்ப இந்த மௌனம்தான் உதவும். யாரும் ஒப்பனை கலைப்பதற்குள் ஹெட்ஃபோனில் எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். கைதட்டலில் உள்ளங்கைகள் சேரும் ஃபிரேமுக்கு நேராக, இரண்டாவது கைபேசியின் ஒலிக்கோட்டில் அந்தத் தட்டல் எழுப்பிய கூர்முனையை நகர்த்துங்கள். உதடும் குரலும் பொருந்தியதும் கேமராவின் ஒலியை அணைத்துவிடுங்கள்.