ரியாக்ட் ஒரு பக்கம், எக்ஸ்பிரஸ் ஒரு பக்கம்: ஃபிரன்ட்-எண்டைத் தனியாக ஹோஸ்ட் செய்வது எப்படி?

தண்ணீர் கேன் போடும் நண்பர் ஒருவருக்காக எழுதிய சின்னக் கணக்கு ஆப் இது. முன்னால் (பயனர் பார்க்கும் பக்கம், அதாவது ஃபிரன்ட்-எண்ட்) ரியாக்ட், பின்னால் (சர்வர் பக்கம், அதாவது பேக்-எண்ட்) எக்ஸ்பிரஸும், டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸும். எல்லாம் ஒரே சர்வரில் ஓடியவரை, பேக்-எண்டை ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் லாகின் பக்கமும் சேர்ந்து படுத்துவிடும். ரியாக்டை பில்ட் செய்தால் கையில் மிஞ்சுவது வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்கள்தான். அதைக் கொடுக்க, எக்ஸ்பிரஸை ஓட்டும் நோட் சர்வர் எதற்கு? பிரித்துவிட்டேன். ஃபிரன்ட்-எண்ட் நெட்லிஃபையில், பேக்-எண்ட் ரெண்டரில். இரண்டும் ஹோஸ்டிங் சேவைகள்.

கிட்ஹப்பில் கோடு ஏற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: முதலில் பேக்-எண்ட்

ஃபிரன்ட்-எண்டுக்கு பேக்-எண்டின் முகவரி தேவை என்பதால் இந்த வரிசை. ரெண்டரில் 'வெப் சர்வீஸ்' உருவாக்கி ரெப்போவை இணையுங்கள். போர்ட் எண்ணைக் கோடில் நேரடியாக எழுதாமல் என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து (கோடுக்கு வெளியே, செட்டிங்ஸில் வைக்கும் மதிப்பு) எடுங்கள். டேட்டாபேஸ் முகவரியும் அப்படியே. 'ஓகே' என்று மட்டும் பதில் சொல்லும் ஒரு ஹெல்த் ரூட் (சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் முகவரி) வைத்து, பிரவுசரில் திறந்து பாருங்கள். அது வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ரெண்டருக்குப் பதில் சொந்த விபிஎஸ் (வாடகை சர்வர்) வைத்திருப்பவர்கள் எச்டிடிபிஎஸ் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பாதுகாப்பான பக்கத்திலிருந்து வெறும் எச்டிடிபி முகவரியைக் கூப்பிட்டால் பிரவுசரே தடுத்துவிடும்.

படி 2: முகவரியைச் சொல்லிக் கொடுப்பது

பேக்-எண்டின் முகவரியை ஃபிரன்ட்-எண்டுக்கும் ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் கொடுக்கிறோம். வீட் (ரியாக்டை பில்ட் செய்யும் கருவி) பயன்படுத்தினால், அந்த வேரியபிளின் பெயர் வி, ஐ, டி, இ என்ற நான்கு பெரிய எழுத்துகளிலும் ஓர் அண்டர்ஸ்கோரிலும் தொடங்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கோடுக்கு அது தெரியவே தெரியாது. இந்த மதிப்பு பில்ட் நேரத்தில் ஜாவாஸ்கிரிப்டுக்குள் எழுதப்பட்டுவிடும். அதனால் நெட்லிஃபை செட்டிங்ஸில் மாற்றினால் மட்டும் போதாது, மறுபடி டிப்ளாய் செய்ய வேண்டும். அப்புறம், இங்கே எந்த ரகசியச் சாவியும் வைக்காதீர்கள். பிரவுசரின் டெவ்-டூல்ஸ் திறக்கத் தெரிந்த யாரும் படித்துவிடலாம்.

படி 3: நெட்லிஃபை

பில்ட் கமாண்ட் 'என்பிஎம் ரன் பில்ட்', பப்ளிஷ் ஃபோல்டர் 'டிஸ்ட்'. முகப்புப் பக்கம் வந்துவிடும். உள்ளே ஒரு பக்கத்தில் நின்று ரிஃப்ரெஷ் செய்தால் 404. அந்தப் பாதையில் ஃபைல் எதுவும் கிடையாது, ஆப்புக்குள் பக்கங்களை மாற்றிக் காட்டும் ரியாக்ட் ரவுட்டரின் கற்பனை மட்டுமே. பப்ளிக் ஃபோல்டரில், அண்டர்ஸ்கோரை முன்னால் போட்டு 'ரீடைரெக்ட்ஸ்' என்ற ஃபைலை (எக்ஸ்டென்ஷன் வேண்டாம்) உருவாக்கி ஒரே வரி எழுதுங்கள்: ஸ்லாஷ், நட்சத்திரக்குறி, இடைவெளி, ஸ்லாஷ் போட்டு இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல், இடைவெளி, 200. எந்தப் பாதையைக் கேட்டாலும் இண்டெக்ஸ் ஃபைலையே கொடு என்று அர்த்தம். கிட்ஹப் பேஜஸில் இந்த வசதி இல்லை. அதனால் இது மாதிரி ஆப்களுக்கு நான் அந்தப் பக்கமே போவதில்லை.

படி 4: கார்ஸ்

ஒரு முகவரியில் உள்ள பக்கம் வேறு முகவரியில் உள்ள சர்வரின் பதிலைப் படிக்கலாமா என்று பார்க்கும் விதிதான் கார்ஸ். இங்கேதான் பாதிப் பேர் படுத்துவிடுகிறார்கள். போஸ்ட்மேனில் (ஏபிஐ சோதிக்கும் செயலி) வேலை செய்யும், பிரவுசரில் செய்யாது. காரணம், இந்தக் காவலைப் போடுவது பிரவுசர்தான். போஸ்ட்மேனுக்கு அந்தக் கவலை கிடையாது.

எக்ஸ்பிரஸில் கார்ஸ் பேக்கேஜைப் போட்டு, அனுமதிக்கும் ஆரிஜின்களை (எச்டிடிபிஎஸ், டொமைன், போர்ட் மூன்றும் சேர்ந்த முகவரி) பட்டியலிடுங்கள்: நெட்லிஃபை முகவரி ஒன்று, உங்கள் கணினியின் லோக்கல்ஹோஸ்ட் 5173 ஒன்று. கடைசியில் ஸ்லாஷ் கூடாது. பிரவுசர் ஆரிஜினை ஸ்லாஷ் இல்லாமல்தான் அனுப்பும், ஓர் எழுத்து மாறினாலும் பொருந்தாது. குக்கி அனுப்பப் போகிறீர்கள் என்றால் நட்சத்திரக்குறி போட்டுத் தப்பிக்கவும் முடியாது. குக்கியை அனுமதிக்கும் 'கிரெடென்ஷியல்ஸ்' அமைப்பை சர்வரிலும், ஃபெட்ச் (பிரவுசரிலிருந்து சர்வரைக் கூப்பிடும் கட்டளை) பக்கத்திலும் இயக்க வேண்டும்.

அடுத்தது வரிசை. ஜேசன் அனுப்பும் ரிக்வெஸ்டுக்கு முன்னால் பிரவுசர் 'ஆப்ஷன்ஸ்' என்று ஒரு வேவுக் கேள்வி அனுப்பும். அதில் குக்கி இருக்காது. லாகின் சரிபார்க்கும் மிடில்வேர் (ஒவ்வொரு ரிக்வெஸ்டும் கடந்து போகும் கோடு) கார்ஸுக்கு மேலே இருந்தால், அந்தக் கேள்விக்கு 401 போய், உண்மையான ரிக்வெஸ்ட் கிளம்பவே கிளம்பாது. கார்ஸ் வரி எல்லாவற்றுக்கும் மேலே.

படி 5: லாகின் ஆகிறது, ஆனால் ஆகவில்லை

பாஸ்வேர்டு சரி, 200 வருகிறது, அடுத்த ரிக்வெஸ்டில் 'நீங்கள் யார்?' என்கிறது. நெட்லிஃபை முகவரியும் ரெண்டர் முகவரியும் பிரவுசருக்கு வேறு வேறு தளங்கள். குரோம் 2020 முதல், சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும் ரிக்வெஸ்டில் குக்கி போகலாமா என்று சொல்லும் அமைப்பு) குறிப்பிடாத குக்கியை 'லாக்ஸ்' என்றே எடுத்துக்கொள்கிறது. வேறு தளத்திலிருந்து வரும் ஃபெட்சில் அது போகாது. சேம்சைட் மதிப்பை 'நன்' ஆக்கி, 'செக்யூர்' (எச்டிடிபிஎஸில் மட்டும் அனுப்பு) என்பதையும் போட்டால் குரோமில் ஓடும். ஐபோன் சஃபாரி அப்போதும் விடாது.

என் தீர்வு: சொந்தமாக ஒரு டொமைன் வாங்குங்கள். 'ஆப்' என்ற சப்டொமைனை நெட்லிஃபைக்கும் 'ஏபிஐ' என்பதை ரெண்டருக்கும் திருப்புங்கள். இப்போது இரண்டும் ஒரே தளம், லாக்ஸ் போதும். ஆரிஜின் வேறுதான், ஆகவே கார்ஸ் பட்டியலில் புது முகவரியைச் சேர்க்க வேண்டும். எக்ஸ்பிரஸ்-செஷன் (லாகினை குக்கி மூலம் நினைவில் வைக்கும் பேக்கேஜ்) வைத்திருந்தால் 'டிரஸ்ட் பிராக்ஸி' மதிப்பை 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால், ரெண்டரின் பிராக்ஸிக்கு (முன்னால் நின்று ரிக்வெஸ்டை வாங்கிக் கொடுக்கும் சர்வர்) பின்னால் உட்கார்ந்திருக்கும் எக்ஸ்பிரஸ், இணைப்பு எச்டிடிபி என்று நினைத்து செக்யூர் குக்கியை அனுப்பவே அனுப்பாது.

டொமைனுக்குச் செலவழிக்க மனமில்லையா? ரீடைரெக்ட்ஸ் ஃபைலில் 'ஏபிஐ' பாதையை ரெண்டர் முகவரிக்கு 200 போட்டுத் திருப்பலாம். பிரவுசருக்கு எல்லாம் ஒரே ஆரிஜின் போலத் தெரியும். அந்த வரி நட்சத்திர வரிக்கு மேலே இருக்க வேண்டும், முதலில் பொருந்துவதே ஜெயிக்கும். ஃபிரன்ட்-எண்டும் அந்தப் பாதையைத்தான் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு ரிக்வெஸ்டும் ஒரு சுற்று சுற்றி வருவதால் எனக்கு இது இரண்டாம்பட்சம்.

அப்டேட்: எல்லாம் செய்தும் 'கார்ஸ் எரர்' என்று கேட்டவர்களுக்கு: டெவ்-டூல்ஸின் 'நெட்வொர்க்' டேபில் ஸ்டேட்டஸைப் பாருங்கள். 502 என்றால் உங்கள் ஆப்பே விழுந்து கிடக்கிறது. முன்னால் நிற்கும் பிராக்ஸி அனுப்பும் எரர் பக்கத்தில் கார்ஸ் ஹெடர் இல்லாததால் பிரவுசர் அதைப் பற்றிப் புலம்புகிறது. சர்வர் லாக் பாருங்கள்.

இன்னொரு அப்டேட்: காலையில் முதல் லாகின் மட்டும் ரொம்ப நேரம் சுற்றுகிறதா? ரெண்டரின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் சர்வீஸ் தூங்கப் போய்விடும். ஃபிரன்ட்-எண்ட் மட்டும் உடனே வந்து நிற்பதால் ஆப் உடைந்த மாதிரி தெரியும். லாகின் பட்டனுக்குக் கீழே 'சர்வர் எழுந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு வரி காட்டுங்கள், அல்லது பக்கம் திறந்ததுமே ஹெல்த் ரூட்டை ஒருமுறை தட்டிவிடுங்கள். பாஸ்வேர்டு அடித்து முடிப்பதற்குள் பாதித் தூக்கம் கலைந்திருக்கும்.