காட்டுப்பள்ளி என்றால் எந்தக் காட்டுப்பள்ளி? வழக்கமாகச் செய்யும் தவறுகள்

"காட்டுப்பள்ளிக்கு லோடு இருக்கு" என்று ஒருவர் சொல்வார், "காட்டுப்பள்ளியில வேலை கிடைச்சிருக்கு" என்று இன்னொருவர் சொல்வார், செய்தியில் "காட்டுப்பள்ளி விரிவாக்கம்" என்று வரும். மூன்றும் ஒரே இடம் இல்லை. முதலாவது துறைமுகம், இரண்டாவது பெரும்பாலும் கப்பல் கட்டும் தளம், மூன்றாவதில் ஒரு தீவும் அதில் வாழும் மீனவ மக்களும் சேர்ந்தே அடங்கியிருக்கிறார்கள். இந்தப் பெயரைப் பாதியில் விட்டால் பணம் போகும், நாள் போகும், சில நேரம் அதைவிடப் பெரியதும் போகும்.

முதலில் தீவு. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே பழவேற்காடு பக்கமாக நீளும் மணல் திட்டுதான் காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆற்றுக் கழிவெளியும் (ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் சதுப்புப் பகுதி) பக்கிங்காம் கால்வாயும். தீவு என்றதும் படகு தேட வேண்டாம், பாலமும் ரோடும் இருக்கின்றன. ஆனால் எண்ணூர் கடற்கரையில் நின்றுகொண்டு "இதோ எதிரில்தானே இருக்கிறது" என்று மேப்பைப் பார்த்து ஆட்டோ பேசாதீர்கள். நடுவில் முகத்துவாரம் இருக்கிறது, அத்திப்பட்டு வழியாகவோ மீஞ்சூர் வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டும். அப்புறம், இது சென்னை மாவட்டமே இல்லை, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டம். மனு கொடுக்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிகம் அடிபடுவது டிரெய்லர் ஓட்டுகிறவர்களும் ஏற்றுமதி செய்கிற சின்ன கம்பெனிகளும்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துறைமுகங்கள் இருக்கின்றன. ஒன்று காமராஜர் துறைமுகம், 2001இல் எண்ணூர் துறைமுகம் என்ற பெயரில் திறந்தார்கள், 2014இல் பெயர் மாறியது, மத்திய அரசின் பெருந்துறைமுகங்களில் ஒன்று. அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான் முதலில் கட்டினார்கள். இன்னொன்று காட்டுப்பள்ளி துறைமுகம். எல் அண்ட் டி கட்டி 2013இல் இயங்க ஆரம்பித்து, 2018இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. இதுவரை சரி, குழப்பம் இனிமேல்தான். காமராஜர் துறைமுகத்துக்குள்ளேயும் அதானிக்கு ஒரு கன்டெய்னர் முனையம் இருக்கிறது, அதன் பெயர் எண்ணூர் கன்டெய்னர் முனையம். அதனால் "அதானி கேட்டுக்குப் போயிடுங்கண்ணே" என்று போனில் சொன்னால் ஓட்டுநர் எந்தக் கேட்டுக்குப் போவார்? தப்பான கேட்டில் போய் வரிசையில் நின்று, திரும்பி வந்து மறுபடி வரிசையில் நின்று, அதற்குள் கப்பலுக்குப் பெட்டி ஏற்றும் நேரம் முடிந்துவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழும் என்று சொல்லவே வேண்டாம். சுங்கத்துறையில் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு. ஷிப்பிங் பில்லில், அதாவது ஏற்றுமதிக்குச் சுங்கத்துறையில் கொடுக்கும் ஆவணத்தில், ஒன்றைப் போட்டுவிட்டுப் பெட்டியை இன்னொன்றுக்கு அனுப்பினால் திருத்தம் வாங்க அலைய வேண்டும். கம்பெனி பெயரை விடுங்கள், முனையத்தின் முழுப்பெயரைச் சொல்லுங்கள், ஓட்டுநருக்கு எழுதியே கொடுங்கள்.

வேலை தேடுகிற தம்பிகளுக்கு: துறைமுகம் கைமாறியபோது கப்பல் கட்டும் தளம் கைமாறவில்லை, அது எல் அண்ட் டியிடமே இருக்கிறது. கடலோரக் காவல்படைக்கு ரோந்துக் கப்பல்கள் கட்டுவது அங்கேதான், 2022இல் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பல் பழுதுபார்க்க வந்ததும் அங்கேதான். வெல்டர், ஃபிட்டர் வேலை என்றால் அநேகமாக அந்தத் தளம், லாஷிங் (கப்பலில் பெட்டிகளை இறுக்கிக் கட்டுவது), கிரேன் ஆபரேட்டர் என்றால் துறைமுகம். "காட்டுப்பள்ளி போர்ட்ல வேலை, முன்பணம் கட்டு" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் எந்த நிறுவனம், எந்தக் கான்ட்ராக்டர், எந்தக் கேட் பாஸ் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

மீஞ்சூர் கடல்நீர் குடிநீராக்கும் நிலையம் என்று எல்லோரும் சொல்வதும் மீஞ்சூரில் இல்லை, மீஞ்சூரில் கடலே கிடையாது. 2010இல் திறந்த, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட அந்த நிலையம் இருப்பது காட்டுப்பள்ளியில்தான். கோயிலுக்குப் போகிறவர்கள் தேடும் திருக்காட்டுப்பள்ளி வேறு: மேலைத் திருக்காட்டுப்பள்ளி தஞ்சாவூர் மாவட்டத்தில், கீழைத் திருக்காட்டுப்பள்ளி திருவெண்காடு பக்கத்தில்.

எனக்கு மனசு கேட்காத தவறு இனிமேல்தான் வருகிறது. காட்டுப்பள்ளி என்றாலே துறைமுகம் என்று ஆகிவிட்டதால், அங்கே ஊர் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. காட்டுப்பள்ளி குப்பத்து மக்கள் கப்பல் தளத்துக்காகவும் துறைமுகத்துக்காகவும் இடம்பெயர்ந்தவர்கள். காளாஞ்சி, கருங்காலி என்று பக்கத்திலும் ஊர்கள் உண்டு. கழிவெளியில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும், கடலுக்குள் கல் கொட்டிச் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். வடக்கே இருப்பது பழவேற்காடு ஏரி. நடுவில் இந்த மணல் திட்டு மெலிந்துகொண்டே போனால் கடலும் ஏரியும் சேர்ந்துவிடும் என்று மீனவர்கள் பயப்படுவதை வெறும் எதிர்ப்பு என்று தள்ளிவிட முடியாது. காட்டுப்பள்ளி துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியில் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது, 2023 செப்டம்பரில் வைத்ததும் தள்ளிப்போனது.

அதனால் "காட்டுப்பள்ளி விரிவாக்கம்" என்று தலைப்பைப் பார்த்ததும் தீவே வளர்கிறது என்றோ, ஏற்கெனவே இருக்கிற சுற்றுச்சுவருக்குள் இன்னொரு கிரேன் வைக்கிறார்கள் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் துறைமுகம், எத்தனை ஏக்கர், அதில் கடலை நிரப்பி எடுப்பது எவ்வளவு, கழிவெளியில் எவ்வளவு, எந்தெந்த ஊர் எல்லை என்று அறிக்கையைத் திறந்து பாருங்கள். எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் இருக்கிறவர்களுக்கு இது பக்கத்து ஊர்ச் செய்தி இல்லை. மழைக்காலத்தில் கொசஸ்தலை வெள்ளம் வடிய இருக்கும் வழி இந்தக் கழிவெளிதான்.