செவ்வாயில் மரம் முளைச்சிருக்காம்: துருவ மணல்மேட்டுப் படங்களைப் படிக்கும் முறை

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் பெரம்பூர் சித்தப்பா ஒரு படம் போட்டார். வெளிறிய இளஞ்சிவப்பு மேடுகள், அவற்றின் முகட்டில் வரிசையாக ஒல்லியான கரிய மரங்கள். கீழே “செவ்வாயில் காடு, நாசா மறைத்த உண்மை” என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. நான் “அது மரம் இல்ல சித்தப்பா” என்றேன். “அப்போ என்னன்னு நீ சொல்லு” என்றார். சொல்லத் தெரியவில்லை. அப்படித் தொடங்கியதுதான் இது.

மூன்று வாரம் படங்களோடு மல்லுக்கட்டியதில் பிடிபட்ட வழிமுறையை வரிசையாகத் தருகிறேன். கையில் ஒரு கம்ப்யூட்டரும் ஓரளவு நல்ல இன்டர்நெட்டும் இருந்தால் போதும். மொபைலில் முயலாதீர்கள், கண் போய்விடும்.

படி 1: படத்தின் பெயரைப் படியுங்கள்

இந்தப் படங்களை எடுப்பது ஹைரைஸ் என்ற கேமரா. 2006 முதல் செவ்வாயைச் சுற்றும் மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டரில் இருக்கிறது. அரிசோனா பல்கலைக்கழகம் இதை இயக்குகிறது. படங்கள் எல்லாம் அவர்கள் தளத்தில் இலவசம். ‘மறைத்த உண்மை’ அங்கே யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்யும்படி கிடக்கிறது. மிகத் தெளிவான படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 25 செ.மீ. நம்ம ஊர் ஆட்டோ ஒன்றை அங்கே நிறுத்தினால் சுமார் பத்துப் புள்ளி நீளத்துக்குத் தெரியும்.

சித்தப்பாவின் படத்துக்கு அந்தத் தளத்தில் பெயர் பிஎஸ்பி_007962_2635. முதல் மூன்று எழுத்து, திட்டத்தின் எந்தக் கட்டத்தில் எடுத்தது என்பதைச் சொல்கிறது. நடு எண், விண்கலத்தின் எத்தனையாவது சுற்று என்பது. நமக்கு வேண்டியது கடைசி நான்கு இலக்கம். 2635ஐ 263.5 என்று எடுத்துக்கொண்டு அதிலிருந்து 180ஐக் கழியுங்கள். 83.5 வரும். அதாவது வடக்கு அட்சரேகை 83.5 பாகை, வட துருவத்துக்கு வெகு அருகில். விடை மைனஸில் வந்தால் தெற்கு. படத்தைத் திறக்காமலே இடம் தெரிந்துவிட்டது.

படி 2: மாதம் பாருங்கள்

அவசரப்பட்டுப் படத்துக்குள் போகாதீர்கள். நான் செய்த பெரிய தப்பு அதுதான். செம்பரம்பாக்கம் ஏரியின் படத்தைக் காட்டி “ஏரி எப்படி இருக்கு?” என்று கேட்டால், வைகாசியில் எடுத்ததா கார்த்திகையில் எடுத்ததா என்று தெரியாமல் என்ன பதில் சொல்வீர்கள்? துருவப் படமும் அப்படித்தான்.

அந்தத் தளத்தில் ஒவ்வொரு படத்தின் இணையப் பக்கத்திலும் ‘சோலார் லாங்கிட்யூட்’ என்று ஒரு கோணம் கொடுத்திருப்பார்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், நம் பஞ்சாங்கக் கணக்குதான். சூரியன் மேஷத்தில் நுழைந்தால் சித்திரை, 30 பாகை நகர்ந்தால் வைகாசி என்று எண்ணுகிறோம் இல்லையா? அதே மாதிரி செவ்வாயின் வட பாதியில் வசந்தம் பிறக்கும் கணம் 0, கோடை 90, இலையுதிர் காலம் 180, குளிர்காலம் 270. நம் சித்திரை 1 சம இரவு நாளிலிருந்து தள்ளி வருவதால் கணக்கு அப்படியே ஒட்டாது. ஆனாலும் மனதில் நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனிக்கு 32 நாள் வருவதும் மார்கழி 29இல் முடிவதும் ஏன்? பூமியின் பாதை முழு வட்டம் இல்லை, ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் போகிறது. செவ்வாயின் பாதை இன்னும் நீள்வட்டம். அதனால் அங்கே வடக்கு வசந்தம் 194 செவ்வாய் நாள்கள் நீள்கிறது, இலையுதிர் காலமோ 142இல் முடிந்துவிடுகிறது. மொத்த ஆண்டு பூமிக் கணக்கில் 687 நாள்.

நம் படம் எடுத்தது 2008 ஏப்ரலில். அப்போது அந்தக் கோணம் 55ஐ ஒட்டி, அதாவது செவ்வாய்க்கு ‘வைகாசிக் கடைசி’. வசந்தம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. மாதக்கணக்கான இருட்டுக்குப் பிறகு துருவத்தில் வெயில் விழத் தொடங்கிக் கொஞ்ச காலம் ஆகிறது. பாதி விடை இங்கேயே இருக்கிறது.

படி 3: பனி என்றால் எந்தப் பனி?

இங்கே தமிழ் கொஞ்சம் காலை வாரும். மார்கழிக் காலையில் கோலத்தின் மேல் விழுவதும் பனி, ஊட்டிப் புல்வெளியை வெளுக்க வைப்பதும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி. நாம் பேசப்போவது உறைபனி, அதுவும் தண்ணீர் அல்ல. செவ்வாயின் காற்றில் சுமார் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. குளிர்காலத்தில் துருவம் மைனஸ் 125 செல்சியஸ் வரை இறங்கும்போது அந்தக் காற்றே உறைந்து தரையில் படிகிறது. மொத்தக் காற்றில் ஏறக்குறைய கால் பங்கு இப்படித் துருவங்களில் படிந்து திரும்புகிறது. சென்னைவாசியாக என்னால் இதைக் கற்பனையே செய்ய முடியவில்லை.

வெயில் வந்ததும் இந்தப் பனி உருகாது. பூஜை அலமாரியில் கற்பூரம் எப்படி ஈரமே இல்லாமல் இளைத்துப் போகிறதோ அப்படி நேரடியாக வாயுவாகிவிடும். பள்ளியில் படித்த பதங்கமாதல்தான்.

படி 4: வெளிச்சம் எந்தப் பக்கம்?

இனிப் படத்தைத் திறக்கலாம். முழு அளவுக் கோப்பு நூற்றுக்கணக்கான எம்பி இருக்கும், முதலில் சின்ன ஜேபெக் போதும். திறந்ததும் சூரியன் எந்தப் பக்கம் என்று பாருங்கள். படத்தின் இணையப் பக்கத்திலேயே சூரியத் திசையும் வடக்குத் திசையும் கோணமாகக் கொடுத்திருப்பார்கள். துருவப் படங்களில் மேல் பக்கம் வடக்கு என்று நம்பிவிடாதீர்கள்.

இதைச் செய்யாமல் நான் இரண்டு நாள் மேடுகளையெல்லாம் பள்ளமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டில் நான்கு பக்கம் ‘குழிகள்’ பற்றி எழுதிய பிறகுதான் தலைகீழ் என்று புரிந்தது. திரையைத் திருப்பி வைத்துப் பார்த்தால் சில சமயம் கண் சரியாகும்.

மேட்டைப் பிடித்துவிட்டீர்களா? இப்போது ‘மரங்களின்’ நிழலைத் தேடுங்கள். துருவத்தில் சூரியன் தாழ்வாகத்தான் இருக்கும், நின்றுகொண்டிருக்கும் எதுவும் நீண்ட நிழல் விடும். இங்கே ஒரு மரத்துக்கும் நிழல் இல்லை. ஏனென்றால் எதுவும் நிற்கவில்லை, எல்லாம் சரிவோடு ஒட்டிப் படுத்திருக்கிறது.

படி 5: கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்

மணல்மேட்டுக்கு இரண்டு பக்கம். காற்று ஏறும் பக்கம் சாய்வாக இருக்கும், மறுபக்கம் செங்குத்தாக, மணல் தானே சரியும் அளவுக்கு நிற்கும். சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சில் காலடியில் தெரியும் மணல் வரிகளைக் குனிந்து பார்த்தால் இதன் குட்டி வடிவம் தெரியும். திருச்செந்தூர்ப் பக்கம் போனவர்கள் தேரியில் பெரிய அளவிலேயே பார்த்திருப்பார்கள். செவ்வாயின் வட துருவ மேடுகள் சிவப்பு அல்ல, எரிமலைப் பாறையான பசால்ட் பொடிந்த கரிய மணல். அதன் மேல் வெள்ளைப் போர்வையாக உறைபனி.

இந்தப் போர்வை ஓரளவு கண்ணாடி மாதிரி. வெயில் அதைத் துளைத்து அடியில் உள்ள கரிய மணலைச் சூடாக்குகிறது. மே மாதம் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய கார் என்ன ஆகுமோ அதுதான். பனியின் அடிப்பக்கம் வாயுவாகிறது, வெளியேற வழியில்லை, அழுத்தம் ஏறுகிறது. இட்லிப் பானையின் மூடி துள்ளுவது போல ஒரு கட்டத்தில் பனி விரிசல் விட்டு வாயு பீறிடுகிறது, மணலையும் தூசியையும் அள்ளிக்கொண்டு. விஞ்ஞானி ஹ்யூ கீஃபர் 2006இல் தென் துருவத்துக்குச் சொன்ன விளக்கம் இது. வடக்கு மேடுகளிலும் இதே வேலை நடக்கிறது. விரிசல் முகட்டை ஒட்டி விழுந்தால் கரிய மணல் செங்குத்துப் பக்கத்தில் கோடு கோடாக வழிகிறது. பனியின் மேல் வழிந்த அந்தக் கோடுகள்தான் சித்தப்பாவின் மரங்கள்.

நடுப்பகுதியை நன்றாகப் பெரிதாக்குங்கள். ஒரு கோட்டின் அடியில் மங்கலாக ஒரு புகை தெரியும். சரிந்துகொண்டிருந்த மணல் கிளப்பிய தூசி, கேமரா கடந்துபோன அந்த நொடியில் சிக்கியது. எனக்கு இந்தப் படத்தில் மரத்தைவிட அதிசயம் இதுதான்.

படி 6: மொட்டை மாடியில் செய்து பாருங்கள்

கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை பெண் நடந்து வரும்போது காலடியில் புகை விடுகிறார்களே, அந்த ட்ரை ஐஸ் உறைந்த கார்பன் டை ஆக்சைடுதான். செவ்வாய்ப் பனியும் அதே பொருள். வாங்கும்போது ‘கட்டியாக’ என்று அழுத்திச் சொல்லுங்கள். எனக்கு முதல் தடவை குச்சி குச்சியாக வந்தது, வீடு சேர்வதற்குள் பாதி காணோம்.

எச்சரிக்கை முதலில். அது மைனஸ் 78 செல்சியஸ். வெறும் கையால் தொட்டால் தோல் வெந்தது போல ஆகிவிடும், தடித்த கையுறை வேண்டும். பாட்டிலிலோ இறுக்க மூடும் டப்பாவிலோ போடாதீர்கள், வெடிக்கும். தெர்மோகோல் பெட்டியில் மூடியைத் தளர்வாக வையுங்கள். காரில் எடுத்து வந்தால் ஏசி வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூச்சு முட்டும். பிள்ளைகள் எட்ட நின்று பார்க்கட்டும். வீட்டுக்குள் செய்யவே கூடாது.

நன்றாகக் காய்ந்த, சலித்த மணலை ஒரு சாய்ந்த பலகையில் கனமாகப் பரப்புங்கள். சுமார் 20 பாகைச் சாய்வு போதும், அதிகமானால் மணலே வழிந்துவிடும். கட்டியை மேல் விளிம்பில் வைத்து லேசாகத் தள்ளுங்கள். மணலின் சூட்டில் கட்டியின் அடியில் வாயு சுரந்து அதைத் தூக்கிப் பிடிக்கும். தரையோடு உரசாத மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், பின்னால் கரை கட்டிய பள்ளம் ஒன்றை விட்டுவிட்டு. செவ்வாயின் தென் பாதியில், ரஸ்ஸல் என்ற விண்கல் பள்ளத்துக்குள் இருக்கும் மணல்மேடுகளில் இப்படி நீண்ட கோடுகள் உண்டு. செரினா டினியேகா குழுவினர் கடையில் வாங்கிய ட்ரை ஐஸை அமெரிக்க யூட்டா மாநில மணல்மேடுகளில் சறுக்கவிட்டுத்தான் 2013இல் அதை விளக்கினார்கள்.

சுற்றி எழும் வெள்ளைப் புகையை வாயு என்று நினைக்காதீர்கள். அது நம் சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்து நிற்பது. கட்டியின் மேல் பத்து நிமிடத்தில் படியும் வெள்ளைப் பொடியும் அதே ஈரம்தான்.

படி 7: அதே இடம், வேறு மாதம்

கடைசி நான்கு இலக்கம் வட துருவத்தைக் காட்டும் படங்களாகப் பார்த்து, கோணம் 90க்கு மேல் போன படம் ஒன்றைத் தேடுங்கள். போர்வை போய், மேடுகள் முழுக்கக் கறுப்பாக இருக்கும். செயற்கை நிறத்தில் கரிய மணல் நீலமாகத் தெரியும், அதைப் பார்த்துத் தண்ணீர் என்று எழுதிவிட வேண்டாம். செங்குத்துப் பக்கத்தில் யாரோ கடித்தது போல அரைவட்டக் குழிவுகள் இருக்கிறதா பாருங்கள். இந்த மேடுகள் வெகுகாலமாக அசையாதவை என்ற எண்ணம் இருந்தது. கேண்டிஸ் ஹான்சன் குழு 2011இல் ஆண்டுக்கு ஆண்டு படங்களை ஒப்பிட்டு, பனிக்காலம் இவற்றைக் கடிப்பதையும் காற்று மறுபடி நிரப்புவதையும் காட்டியது.

பழகிய பிறகு ஒலிம்பியா உண்டே என்ற இடத்துக்குப் போங்கள். துருவத்தைச் சுற்றிய மணல்கடலின் ஒரு பகுதி. அங்கே மணலில் ஜிப்சம் கலந்திருப்பது 2005இல் தெரிந்தது, நம் வீடுகளில் ஃபால்ஸ் சீலிங் போடும் அதே ஜிப்சம்.

இதையெல்லாம் எழுதி, கோடுகளுக்கு அம்புக்குறி போட்டு, சித்தப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக். அரை மணி நேரம் கழித்து அடுத்த படம் வந்தது: தரையில் கால் பரப்பிக் கிடக்கும் பெரிய பெரிய கரிய சிலந்திகள். “சரி, மரம் இல்ல. இதுக்கு என்ன சொல்ற?”

தேடிப்பிடித்துக் கோப்பின் பெயரைப் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கம் 0985.