எலக்ட்ரிக் பிக்கப் எடுக்கலாமா? ஷோரூமுக்குப் போகும் முன் உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் சரக்கு வண்டி ஓட்டுபவர்களிடம் எலக்ட்ரிக் பிக்கப் பேச்சை எடுத்தால் முதலில் வருகிற கேள்வி "இழுக்குமா?" என்பதுதான். இழுக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். மோட்டாரின் முறுக்குவிசை நின்ற இடத்திலிருந்தே முழுசாகக் கிடைத்துவிடும், அதனால் லோடோடு மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச் கருகுகிற வாசனை கிடையாது, ஆஃப் ஆகிப் பின்னால் உருளுமோ என்ற பயமும் கிடையாது. எவ்வளவு தூரம் இழுக்கும், தீர்ந்த பிறகு எங்கே நிறுத்தி எத்தனை மணி நேரம் காத்திருப்பது, இதைத்தான் கேட்க வேண்டும். அதற்குப் பதில் கம்பெனி விளம்பரத்தில் இருக்காது, உங்கள் ஓட்டத்தில்தான் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிடலாம். யூடியூபில் பார்க்கிற ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், ரிவியன் ஆர்1டி மாதிரியான ராட்சத வண்டிகள் வேறு, நம் தெருவில் ஓடுகிற குட்டி யானை வகை வேறு. டாடா ஏஸ் ஈவி 2022-இல் வந்தது, 21.3 கிலோவாட் மணி பேட்டரி. ஒரு கிலோவாட் மணி என்றால் கரண்ட் பில்லில் வருகிற ஒரு யூனிட்தான், ஆகவே இனிமேல் யூனிட் என்றே சொல்கிறேன். 2024-இல் ஒரு டன் ஏற்றும் ஏஸ் ஈவி 1000 வந்தது, அதற்கு ஒரு முழு சார்ஜுக்குச் சான்றளித்த தூரம் 161 கிலோமீட்டர். அதே ஆண்டு மஹிந்திரா ஜியோவும் வந்தது, ஏறக்குறைய இதே அளவு பேட்டரி. லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 யூனிட். நம்முடையதைப்போல ஆறு மடங்கு. அந்த வண்டியைப் பற்றி எவரோ சொன்னதை வைத்து இந்த வண்டியை வாங்கினாலும் தப்பு, வேண்டாம் என்று ஒதுக்கினாலும் தப்பு.

நோட்டு போடுங்கள்

ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், இப்போது ஓட்டுகிற வண்டியிலேயே தினமும் காலையும் இரவும் மீட்டர் எண்ணை எழுதுங்கள். பக்கத்திலேயே என்ன லோடு, எந்த ரூட், எங்கே எவ்வளவு நேரம் வண்டி சும்மா நின்றது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சராசரி எடுக்காதீர்கள். சராசரி 70 கிலோமீட்டர் என்று வரும், ஆனால் வாரத்தில் ஒரு நாள் 180 ஓடியிருப்பீர்கள், அந்த ஒரு நாள்தான் உங்களை ரோட்டில் நிறுத்தும். அதிகம் ஓடிய நாளைக் கட்டம் கட்டி வையுங்கள்.

அப்புறம் கம்பெனி சொல்லும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் கையில் எடுங்கள். 161 என்றால் 105, 110. சான்றுக்கான சோதனையில் நம் ஊர் வெயில் இல்லை, ஓவர்லோடு இல்லை, வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசல் இல்லை. இந்த 105-க்குள் உங்கள் மோசமான நாள் அடங்கினால் மேலே படியுங்கள். அடங்காவிட்டால், நடுவில் வண்டி இரண்டு மணி நேரமாவது ஒரே இடத்தில் நிற்கிறதா, அங்கே பிளக் கிடைக்குமா என்று நோட்டில் தேடுங்கள்.

அணைக்கட்டு பக்கம் இலவம்பாடி முள் கத்தரிக்காய் ஏற்றி விடிவதற்குள் நேதாஜி மார்க்கெட்டில் இறக்கி, அங்கிருந்து சத்துவாச்சாரி, காட்பாடி கடைகளுக்குப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்புகிற ஓட்டம் என்றால் எலக்ட்ரிக் கச்சிதம். அடிக்கடி நின்று நின்று எடுக்கிற வேலையில் டீசல் வீணாகும், இதிலோ பிரேக் அடிக்கும்போது கொஞ்சம் பேட்டரிக்கே திரும்பி வரும். கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், பால், பேக்கரி, கூரியர் எல்லாம் இந்தக் கணக்குதான். ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் தோல், ஷூ பெட்டி அடிப்பவர்களும் பெரும்பாலும் தேறுவார்கள். கோயம்பேடு லோடு அடிப்பவர்கள் மட்டும் இந்தச் சின்ன பேட்டரி பக்கம் வராதீர்கள். போக வர 270 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் காய் விலை போய்விடும். சார்ஜர் முன்னால் வரிசையில் நிற்கிற நேரத்துக்கு யார் வாடகை கொடுப்பார்கள்?

சார்ஜ் எங்கே போடுவது

பலர் வண்டி விலையை ஆயிரம் முறை பேரம் பேசிவிட்டு, இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். வீட்டு வாசலில் வண்டி நிற்குமா, அங்கே 15 ஆம்ப் பிளக் கொண்டுவர முடியுமா, இதுதான் முதல் படி. சாதாரண பிளக்கில் மணிக்கு 3 யூனிட் வேகத்தில் ஏறும் என்று வைத்தால் காலியான பேட்டரி நிரம்ப 7 மணி நேரம். ராத்திரி பத்துக்குப் போட்டால் விடியற்காலை ஐந்துக்குத் தயார். மூன்று மணிக்கே கிளம்ப வேண்டிய மார்க்கெட் வண்டி என்றால் சாயங்காலமே போட்டாக வேண்டும், சாயங்காலம் கிராமங்களில் வோல்டேஜ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு லைட் காட்டிவிட்டு ஏறவே ஏறாது, அதற்கு வண்டியைத் திட்டிப் பயனில்லை. சுவிட்ச்போர்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்து இழுக்கவே கூடாது. ஏழு மணி நேரம் விடாமல் 15 ஆம்ப் ஓடினால் மெல்லிய ஒயர் சூடாகி உருகும். மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி டிரிப்பர், மழை படாத இடத்தில் பிளக். இதற்கு ஆகும் செலவையும் வண்டி விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பில் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் ஸ்லாபே மாறிவிடும். தினம் 20 யூனிட் வண்டிக்கே போனால், ஐம்பது நாள் ஓட்டத்தில் 1,000 யூனிட். அதாவது உங்கள் வீட்டு ஃபேனும் பிரிட்ஜும் சேர்ந்து மேல் ஸ்லாபுக்குப் போய்விடும். ஆகவே "ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்று ஷோரூமில் சொன்னால், எந்த ஸ்லாபில் என்று திருப்பிக் கேளுங்கள். வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் ஈபி ஆபீஸில் கேட்டுத் தனி இணைப்பு வாங்குவதுதான் சரி. தோட்டத்து இலவச மோட்டார் சர்வீஸில் சார்ஜ் போடும் யோசனை வேண்டவே வேண்டாம், பிடிபட்டால் அபராதத்தோடு நிற்காது.

வெயில்

அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் எப்படிக் காயும் என்று சொல்லத் தேவையில்லை. லித்தியம் பேட்டரிக்குக் குளிரைவிட இந்தச் சூடு நீண்ட நாள் கெடுதல். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி சூட்டைக் கொஞ்சம் நன்றாகவே தாங்கும், வாங்கும்போது எந்த வகை, குளிரூட்டும் அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். மத்தியானம் முழு லோடில் ஓட்டி வந்த உடனே பிளக் மாட்டாமல் அரை மணி நிழலில் விடுங்கள். நிறுத்துகிற இடத்தில் ஒரு தகர ஷெட்டாவது போடுங்கள், புளியமரம் இருந்தால் இன்னும் நல்லது.

பின்னால் கட்டி இழுப்பது

அமெரிக்காவில் பிக்கப் என்றாலே படகும் கேரவனும் பின்னால் தொங்கும். நம் பக்கம் என்ன இழுக்கிறோம்? தளம் போடுகிற அன்று கலவை மெஷின், திருவிழாவுக்கு ஜெனரேட்டர், ரோடு வேலைக்கு கம்ப்ரசர். சின்ன எலக்ட்ரிக் சரக்கு வண்டியில் இதையெல்லாம் கட்டாதீர்கள். மேனுவலில் இழுவை எடை என்று ஓர் எண் போட்டிருந்தால் சரி, போடவில்லை என்றால் அந்த வண்டியை இழுப்பதற்காகச் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் இழுத்துவிடும்தான், ஆனால் சேஸிஸும் பிரேக்கும் அந்த எடைக்கு இல்லை. ஒன்றரை டன் மெஷின் பின்னாலிருந்து தள்ளும்போது பள்ளிகொண்டா டோல் வரிசையில் எப்படி நிறுத்துவீர்கள்?

இழுப்பதற்கென்றே செய்த பெரிய எலக்ட்ரிக் பிக்கப்புகளிலும் தூரம்தான் அடி வாங்குகிறது. லைட்னிங் நாலரை டன் வரை இழுக்கும், சும்மா ஓடினால் 500 கிலோமீட்டர் சொல்கிறார்கள், பெரிய டிரெய்லர் கட்டினால் அது பாதியாகிறது, சில சமயம் அதற்கும் கீழே. அந்தப் பாதி 250-ஐயும் முழுசாக ஓட்ட முடியாது. வழியில் வேகமாக ஏற்றும்போது 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாகத்தான் ஏறும், 20-க்குக் கீழே விடவும் மனசு வராது, ஆக ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 150 கிலோமீட்டர். இசுசு டி-மேக்ஸின் எலக்ட்ரிக் வடிவம் வெளிநாடுகளில் விற்கிறது: 66.9 யூனிட், 263 கிலோமீட்டர், இழுவை மூன்றரை டன். பாதியாக்கிப் பாருங்கள், வேலூரிலிருந்து சென்னைக்கே ஒரு மூச்சில் போகாது. பெங்களூரு 210 கிலோமீட்டர், கேட்கவே வேண்டாம்.

எடையைவிட உயரம் மோசம், இதைப் பலர் கவனிப்பதில்லை. நாலு வழிச் சாலையில் 80-இல் போகும்போது கரண்டைத் தின்பது காற்றுதான். தார்ப்பாய் படபடக்கிற உயரமான லோடுக்கும், அதே எடையில் தாழ்வாகக் கட்டிய கம்பி லோடுக்கும் நல்ல வித்தியாசம் தெரியும். 80-ஐ 60 ஆக்கினால் மீதி சார்ஜ் இறங்குகிற வேகம் உடனே குறையும். டிரெய்லர் கட்டியவர்களுக்கு இன்னொரு தொல்லை, சார்ஜ் போடுகிற இடங்கள் பெரும்பாலும் கார் நிறுத்துகிற அளவில்தான் இருக்கின்றன, டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இதையும் டிரைவரிடம் சொல்லி வையுங்கள்: நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் கயிறு கட்டி இழுத்து வரக் கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி கரண்ட் உற்பத்தி செய்யும், உள்ளே எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். மோட்டார் ஓட்டும் சக்கரம் தரையில் படாமல் பிளாட்பெட்டில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

மலையும் மணலும்

ஏலகிரி ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம், 14 கொண்டை ஊசி வளைவு, அடிவாரத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம். லோடோடு 2 டன் இருக்கும் வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 4 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும், மோட்டார், டயர் இழப்பெல்லாம் சேர்த்தால் 5. பேட்டரியில் கால் பங்கு. பொன்னேரி அடிவாரத்தில் 40 சதவீதம் இருந்தால் மேலே போய் 15-தான் காட்டும், பயந்துவிடாதீர்கள், இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வரும். ஆனால் மேலே தங்கி 100 சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் கரண்டுக்கு இடமில்லை, மோட்டார் பிடிப்பு குறைந்து முழு பாரமும் சாதாரண பிரேக்குக்குப் போகும், அதுவும் லோடோடு. 80-இல் நிறுத்திவிடுங்கள்.

ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மாதிரி மலைக்கிராமங்களுக்குப் போகிறவர்கள் வேறு விதமாக யோசிக்க வேண்டும். கல்லுக்கு மேல் அங்குலம் அங்குலமாக ஏற்ற எலக்ட்ரிக் மோட்டார் அருமையான சாதனம், ஆக்சிலேட்டரைத் தொட்ட அளவுக்கு மட்டும் நகரும். ஆனால் சின்ன வண்டிகளில் இரண்டு சக்கரம்தான் ஓட்டும், பேட்டரி கீழே தொங்குகிறது. வாங்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள், பேட்டரிக்குக் கீழே கனமான தகடு இருக்கிறதா, தரைக்கும் அதற்கும் நடுவே உங்கள் கையால் அரை முழமாவது இடைவெளி இருக்கிறதா? கல் அடித்துத் தகடு உள்ளே வளைந்திருந்தால் வண்டி ஓடினாலும் சர்வீஸில் காட்டுங்கள், அப்படியே சார்ஜ் போடாதீர்கள். அந்தப் பாதைகளுக்கு இப்போதைக்கு டீசல் நாலு சக்கர இழுவைதான் என் ஓட்டு.

பாலாற்று மணலில் இறங்கினால் டயரில் காற்றைக் குறைத்து, நிற்காமல் ஒரே சீராகப் போக வேண்டும். திடீர் முறுக்குவிசை இங்கே எதிரி, கொஞ்சம் அழுத்தினாலும் சக்கரம் தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். தண்ணீர் விஷயத்தில், ஐபி67 என்று எழுதியிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி தாங்கும் என்று பொருள். அது பேட்டரிப் பெட்டிக்கான சோதனை, வண்டி முழுவதுக்கும் இல்லை. 2021 நவம்பரில் பாலாறு வந்த வரத்தைப் பார்த்தவர்கள் தரைப்பாலத்தில் ஐபி எண்ணை நம்பி இறங்க மாட்டார்கள். ஓடுகிற தண்ணீர் முழங்கால் உயரத்திலேயே சின்ன வண்டியைத் தள்ளும்.

டெஸ்ட் டிரைவ்

காலி வண்டியில் ஷோரூம் சுற்றி வருவது டெஸ்ட் டிரைவே இல்லை. உங்கள் லோடை ஏற்றிக்கொண்டு, உங்கள் ரூட்டில், மத்தியான வெயிலில் ஒரு நடை கேளுங்கள். கிளம்பும்போது சதவீதத்தையும் மீட்டரையும் போனில் படம் எடுங்கள், திரும்பியதும் எடுங்கள். 40 கிலோமீட்டருக்கு 38 சதவீதம் போயிருந்தால் உங்கள் கையில் முழு சார்ஜுக்கு 105 கிலோமீட்டர்தான். விற்பனையாளர் மறுத்தால், அதே வண்டி ஓட்டுகிற ஒருவரை மார்க்கெட் வாசலில் பிடித்து டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், மழையில் என்ன ஆச்சு, சர்வீஸுக்கு எத்தனை நாள் நின்றது என்பதெல்லாம் அவர்தான் சொல்வார்.

பேப்பரில் பேட்டரி வாரண்டி எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஏழு ஆண்டு என்பார்கள், ஓவர்லோடு கண்டுபிடித்தால் செல்லாது என்ற வரி சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பேட்டரி வேலை தெரிந்த மெக்கானிக் வேலூரிலேயே இருக்கிறாரா, சென்னைக்கு அனுப்புவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். பேட்டரி சரக்கு வண்டிக்கு 2018 முதல் பெர்மிட் தேவையில்லை. பச்சை நம்பர் பிளேட்டில் வாடகை வண்டிக்கு எழுத்து மஞ்சளில் இருக்க வேண்டும், வெள்ளை எழுத்து சொந்த வண்டிக்கு, பதிவு செய்யும்போதே சரிபார்த்து வாங்குங்கள்.