டேப்லெட் கொடுத்தால் தானாகப் படித்துவிடுமா? தொடக்க வகுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் தானாகக் கற்பது புதிதல்ல. செயல்வழிக் கற்றல் நடந்த வகுப்புகளில் பிள்ளைகள், பாடத்தின் படிகளை வரிசையாகக் காட்டும் கற்றல் ஏணி என்ற படத்தைப் பார்த்துத் தங்கள் அட்டையைத் தாங்களே எடுத்து வருவார்கள். அட்டையில் இருக்கும் சின்னம், எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிடும். சுவரின் கீழ்ப்பகுதியில், கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கரும்பலகை இருக்கும். இன்று ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, ஆனால் பிள்ளையின் கைக்கு வேலை குறைந்துவிடுகிறது. எனக்கு அதுதான் கவலை.

பெரிய திரையிலேயே பாடத்தை முடித்துவிடுவது முதல் தவறு. காணொளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் முப்பது பேருக்கும் ஒரே வேகம்தான். புரியாத பிள்ளையால் நிறுத்திப் பின்னால் போக முடியாது. 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே கியூஆர் குறியீடு இருக்கிறதே, அதே காணொளியை ஒரு டேப்பில் இரண்டு பேர் பார்க்கட்டும். நாலு பேரை உட்கார வைத்தால் ஒருவர் தொடுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

அடுத்தது, காணொளியை முதலில் போட்டுவிடுவது. எது மிதக்கும், எது மூழ்கும் என்று திரை சொன்ன பிறகு, வாளித் தண்ணீரில் இலையையும் கூழாங்கல்லையும் போட்டுப் பார்ப்பதில் என்ன ஆவல் இருக்கும்? முதலில் ஊகிக்கட்டும், போட்டுப் பார்க்கட்டும். அப்புறம் காணொளி.

செயலி தரும் நட்சத்திரங்களை நம்பிவிடுவதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 35 என்று தொடுகிறது. செயலி சிவப்பு காட்டுகிறது. பிள்ளை வேறொரு விடையைத் தொடுகிறது, பச்சை வருகிறது, நட்சத்திரமும் விழுகிறது. உண்மையில் நடந்தது என்ன? 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. கடன் வாங்கிக் கழிப்பது இன்னும் பிடிபடவில்லை. இது நட்சத்திரக் கணக்கில் தெரியவே தெரியாது. செயலியில் கணக்குப் போடும்போது பக்கத்தில் நோட்டு இருக்கட்டும், விடை வந்த வழியை அதில் எழுதட்டும். பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளைப் பிரித்து, கடன் வாங்குவதைக் காட்ட வேண்டிய பிள்ளை யார் என்று அந்த நோட்டு சொல்லும்.

கடவுச்சொல், சார்ஜ், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் 'டீச்சர், டீச்சர்' என்று கூப்பிட வைப்பதும் தவறுதான். ஈராசிரியர் பள்ளியில் ஒரே அறையில் மூன்று வகுப்பைப் பார்ப்பவர் எத்தனை முறை எழுந்து வருவார்? காணொளியை முன்பே இறக்கி வைத்துவிடலாம். திறப்பது முதல் மூடுவது வரை படம் வரைந்த ஓர் அட்டையைச் சுவரில் ஒட்டலாம்.

கடைசியாக, டேப் என்றாலே பார்ப்பதற்கு என்று நினைத்துவிடுகிறோம். அதிலுள்ள குரல் பதிவை யாரும் தொடுவதில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்யட்டும், புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டு தன் குரலையே கேட்கட்டும். வாசிக்கும்போது 'பளம்' என்று சொன்னது தெரியாது, கேட்கும்போது பல பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். தெரியாத பிள்ளைக்கு நாம் ஒருமுறை 'பழம்' என்று பதிவு செய்து கொடுத்தால் போதும், இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு மறுபடி பதிவு பொத்தானை அழுத்தும்.