பென்சிலும் கையுமாக ஒரு கிரேக்கத் துன்பியல் நாடகம்: புதிதாகப் படிப்பவர்களுக்குச் செய்முறை

கிரேக்கத் துன்பியல் நாடகம் படிக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் சோஃபக்ளிஸின் ஈடிபஸ் கதையைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அருமையான நாடகம், ஆனால் தொடக்கத்துக்குச் சரிப்படாது. துப்பறியும் கதையின் வேகத்தில் ஓடுவதால், இடையில் வரும் கோரஸ் (சேர்ந்து பாடி ஆடும் குழு) பாட்டுகளைத் தாண்டிப் போனாலும் கதை விளங்கிவிடும். நாடகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது மட்டும் கடைசிவரை கண்ணில் படாது.

தொடங்க ஏற்றது ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்’. கி.மு. 472-இல் ஏதென்ஸில் அரங்கேறி முதல் பரிசு பெற்றது. முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்க நாடகங்களில் இதுதான் மிகப் பழையது. 1077 வரிகள், வாய்விட்டுப் படித்தாலும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். இரண்டே நடிகர்களும் ஒரு கோரஸும் போதும். வேலை செய்யும் பாகங்கள் அத்தனையும் வெளியே தெரியும் நாடகம் இது.

படி 1: சரியான பிரதியை எடுங்கள்

ஓரத்தில் வரி எண் போட்ட மொழிபெயர்ப்புதான் வேண்டும். பெர்சியஸ் இணைய நூலகத்தில் ஹெர்பர்ட் வெயர் ஸ்மித்தின் பழைய ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. நடை கொஞ்சம் பழசு, ஆனால் மூலத்தின் வரி எண்களோடு ஒட்டிப் போகும். மேடைக்கென்று சுருக்கி எழுதிய பிரதிகளை இப்போதைக்குத் தவிருங்கள். அவற்றில் முதலில் வெட்டுப்படுவது கோரஸ் பாட்டுகளும் பெயர்ப் பட்டியல்களும்தான். இந்த நாடகத்துக்கு அவை இரண்டும் முதுகெலும்பு.

கூடவே இரண்டு நிறப் பென்சில்கள், ஒரு வெள்ளைத்தாள்.

படி 2: ஒரு பக்க அளவுக்குப் பின்னணி, அதற்கு மேல் வேண்டாம்

வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும். பாரசீக மன்னர் டேரியஸ் அனுப்பிய படை கி.மு. 490-இல் மாரத்தானில் தோற்றது. அவர் மகன் செர்க்சஸ் ஹெல்லஸ்பான்ட் நீரிணையில் படகுப் பாலம் கட்டிப் பெரும்படையோடு கிரேக்கத்துக்குள் நுழைந்தார். கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் தோல்வி. அடுத்த ஆண்டு பிளாட்டியாவில் தரைப்படையும் தோற்றது. நாடகம் நடப்பது சலாமிஸ் செய்தி வந்து சேரும் நாளில், பாரசீகத் தலைநகர் சூசாவில். சலாமிஸுக்கும் அரங்கேற்றத்துக்கும் இடையே எட்டே ஆண்டுகள். பார்வையாளர்களில் அந்தப் போரில் துடுப்பு வலித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஈஸ்கிலஸே மாரத்தானில் போரிட்டவர். அவருடைய சகோதரர் கினகைரஸ் அங்கே இறந்தார்.

நாடக வரலாற்றில் மூன்று பெயர்கள். முதலாவது தெஸ்பிஸ்: கோரஸ் மட்டுமே பாடிக்கொண்டிருந்த இடத்தில் அதற்கு எதிரே தனி நடிகனை நிறுத்தியவர் என்பது மரபு. ஏறத்தாழ கி.மு. 534 என்பார்கள். இரண்டாவது ஃப்ரினிகஸ். பாரசீகர்கள் மிலீட்டஸ் என்ற கிரேக்க நகரைப் பிடித்ததை இவர் நாடகமாக்கியபோது அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டியதற்காக ஏதென்ஸ் இவருக்கு 1000 டிராக்மா அபராதம் விதித்ததோடு, அந்த நாடகத்தை இனி யாரும் போடக் கூடாது என்றும் தடுத்தது. மூன்றாவது ஈஸ்கிலஸ்: இரண்டாவது நடிகரைச் சேர்த்தவர் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். மூன்றாவது நடிகர் வந்தது சோஃபக்ளிஸ் காலத்தில்.

ஃப்ரினிகஸும் சலாமிஸ் பற்றி ‘ஃபினீசியப் பெண்கள்’ என்று ஒரு நாடகம் எழுதினார். ‘பாரசீக’ருக்கு முந்தையது, இன்று துணுக்குகளே மிச்சம். அதில் அரண்மனைப் பணியாள் ஒருவன் ஆலோசகர்களுக்கு இருக்கை விரித்துப் போட்டுக்கொண்டே, எடுத்த எடுப்பில் தோல்விச் செய்தியைச் சொல்லிவிடுகிறான். இதை நினைவில் வையுங்கள், படி 4-இல் தேவைப்படும்.

படி 3: மேடையை வரையுங்கள்

தாளின் நடுவே ஆடுகளம். அதன் இரு பக்கமும் இரண்டு நுழைவழிகள். நாடகத்துக்குத் தேவையான முக்கியப் பொருள் டேரியஸின் கல்லறை மேடு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் கதவு வைத்த கட்டடம் வரையாதீர்கள். அரண்மனை வாசலாகக் கட்டடத்தைப் பயன்படுத்தும் பழக்கம் ஈஸ்கிலஸ் நாடகங்களில் கி.மு. 458-இல் வந்த ‘அகமெம்னா’னில்தான் தெளிவாகத் தெரிகிறது.

இடப்பக்க வழிக்கு ‘அரண்மனை’ என்றும் வலப்பக்க வழிக்கு ‘கிரேக்கத்திலிருந்து’ என்றும் பெயரிடுங்கள். எந்தப் பக்கம் எது என்பது உங்கள் விருப்பம்; ஒருமுறை முடிவுசெய்தபின் மாற்றக் கூடாது. அரசி (டேரியஸின் மனைவி, செர்க்சஸின் தாய்) ஒரு வழி, தூதனும் செர்க்சஸும் எதிர் வழி, டேரியஸின் ஆவி கல்லறையிலிருந்து. யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று அம்புக்குறியோடு வரி எண்ணையும் எழுதிவிட்டால், மேடைக்குறிப்பே இல்லாத பிரதியும் கண்முன் நடக்கத் தொடங்கும். பழைய கையெழுத்துப் பிரதிகளில் மேடைக்குறிப்பு அநேகமாகக் கிடையாது. மொழிபெயர்ப்பில் அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் பதிப்பாளர்களின் ஊகம்.

படி 4: பாட்டையும் பேச்சையும் பிரியுங்கள்

ஒரு நிறம் பாட்டுக்கு, மற்றொன்று பேச்சுக்கு. பக்க ஓரத்தில் ஒரு கோடு போதும். பிரிவுகள் இப்படி வரும்:

- 1–154: கோரஸ் நுழைவு. பாரசீக முதியவர்கள் நடைப்பாட்டோடு வந்து பிறகு பாடுகிறார்கள்.
- 155–531: அரசி வருகை, அவள் கனவு, தூதன் வருகை (249), போர்ச் செய்தி.
- 532–597: கோரஸ் பாட்டு.
- 598–851: கல்லறையில் படையல், ஆவியை எழுப்பும் பாட்டு (623–680), டேரியஸ் தோற்றம் (681–842).
- 852–907: கோரஸ் பாட்டு.
- 908–1077: செர்க்சஸ் வருகை, கோரஸோடு சேர்ந்து புலம்பல்.

எழுதியதும் ஒன்றைக் கவனிப்பீர்கள். பேச்சிலேயே தொடங்கும் முன்னுரைக் காட்சி இதில் இல்லை, வந்ததுமே கோரஸ். ‘அகமெம்னா’னில் காவலன் ஒருவன் முதலில் பேசுகிறான், ‘ஆன்டிகன்’ நாடகத்தில் இரு சகோதரிகள். இங்கே அது இல்லாதது குறையன்று, ஈஸ்கிலஸ் வேண்டுமென்றே செய்தது. ஃப்ரினிகஸ் எடுத்ததும் போட்டு உடைத்த செய்தியை, முடிவு தெரிந்த ஏதென்ஸ்காரர்கள் முன்னால் இவர் 248 வரிகள் இழுத்துப் பிடிக்கிறார். ‘இதில் ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று புதிய வாசகர்கள் சலித்துக்கொள்வது சரியாக இந்த இடத்தில்தான். முடிவு என்ன என்று தேடிப் படித்தால் சலிப்புத்தான் மிஞ்சும். செய்தி தெரியாதவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

படி 5: மூன்று பட்டியல்களை ஒன்றுசேருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் பகுதி இது. 21–58 வரிகளில் போருக்குப் போன தளபதிகளின் பெயர்களைக் கோரஸ் அடுக்குகிறது. 302–330-இல் தூதன் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்கிறான். 955-இலிருந்து அவர்கள் எங்கே என்று கோரஸ் செர்க்சஸைக் கேட்கிறது.

தாளின் பின்பக்கம் மூன்று பத்திகள் போட்டு இந்தப் பெயர்களை எழுதுங்கள். ஆர்டெம்பரஸ் மூன்று பட்டியல்களிலும் இருக்கிறான். ஆரியோமார்டஸும் மூன்றிலும் வருகிறான். ஒவ்வொரு பெயரோடும் ஒட்டியிருக்கும் விவரத்தையும் எழுதுங்கள்: தாடகஸ் ஈட்டி பாய்ந்து கப்பலிலிருந்து ‘லேசாகத் துள்ளி’ விழுகிறான், மட்டல்லஸின் அடர்ந்த தாடி இரத்தத்தில் நனைந்து நிறம் மாறுகிறது. முதல் பட்டியலில் பெருமையாக ஒலித்த அதே உச்சரிப்பு இரண்டாவதில் சாவுச் செய்தியாகிறது, மூன்றாவதில் அரசன் மீது குற்றச்சாட்டாகிறது. பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று விட்டுவிட்டால் கடைசிக் காட்சி வெறும் கூச்சலாகத் தோன்றும்.

படி 6: தூதனின் பேச்சை மெதுவாக

353–432 வரிகளை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை நேரத்தை மட்டும் குறியுங்கள்: இருட்டுவதற்கு முன் ஒரு கிரேக்கன் வந்து ‘இருட்டியதும் கிரேக்கர்கள் ஓடிவிடுவார்கள்’ என்று பொய் சொல்கிறான், பாரசீகக் கப்பல்கள் இரவெல்லாம் காவல் சுற்றுகின்றன, யாரும் ஓடவில்லை, விடிகிறது. இரண்டாம் முறை ஒலிகளை மட்டும் குறியுங்கள்: பாறைகளில் எதிரொலிக்கும் போர்ப்பாட்டு, எக்காளம், ஒரே சீராக விழும் துடுப்புகள், ‘கிரேக்க மைந்தர்களே, தாய்நாட்டை விடுவியுங்கள்’ என்ற முழக்கம். எதிரிப் படை கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடுகிறது. பிறகுதான் உடல்களாலும் உடைசல்களாலும் மூடிய கடல். நீரில் தத்தளிப்பவர்களைச் சூரை மீன்களை அடிப்பதுபோல உடைந்த துடுப்புகளால் அடிக்கிறார்கள் (424–426).

எண்களில் ஒரு சிக்கல் வரும். கிரேக்கக் கப்பல்கள் 300, தனியே 10. பாரசீகக் கப்பல்கள் 1000, அதோடு ‘அதிவேகமானவை 207’ (338–343). இந்த 207 அந்த ஆயிரத்துக்குள் அடக்கமா, அதற்கு மேலா என்பது வரியில் தெளிவில்லை. வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் 1207 என்று கூட்டிச் சொல்கிறார். நாடகம் புள்ளிவிவர அறிக்கை இல்லை. ‘எண்ணிக்கையில் நாங்கள் குறைந்தவர்கள் இல்லை, ஆனாலும் தோற்றோம்’ என்பதுதான் தூதனின் வாதம்.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள்: ஒரு கிரேக்கனின் பெயராவது வருகிறதா? ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளிஸ் உட்பட ஒருவர் பெயரும் வராது. பெயர்கள் அத்தனையும் எதிரிகளுடையவை. வென்றவர்கள் தங்கள் ஊர் விழாவில் தோற்றவர்களின் பெயர்களை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

படி 7: நடிகர்களை எண்ணுங்கள்

பேசும் பாத்திரங்கள் நான்கு: அரசி, தூதன், டேரியஸ், செர்க்சஸ். நடிகர்கள் இரண்டு. முகமூடி இருந்ததால் ஒருவரே பல வேடம் போட முடிந்தது. தூதன் 514-இல் பேசி முடிக்கிறான், டேரியஸ் 681-இல் எழுகிறார்; ஒரே நடிகர் தாராளமாக மாறலாம். அரசி 851-இல் போகிறாள், செர்க்சஸ் 908-இல் வருகிறான். இடையில் ஒரு கோரஸ் பாட்டின் நேரம்.

இப்போது ஒரு கேள்வி. கந்தலாக வரும் மகனுக்கு நல்ல உடை எடுத்துக்கொண்டு எதிர்கொள்ளப் போவதாக அரசி சொல்லிவிட்டுப் போகிறாள். ஆனால் அதன் பிறகு அவள் வருவதே இல்லை. அரசியும் செர்க்சஸும் ஒரே நடிகர் என்று வைத்தால் இருவரும் சந்திக்கவே முடியாது. செர்க்சஸை டேரியஸ் நடிகருக்குக் கொடுத்தால் சந்திக்க வைத்திருக்கலாம். அப்படியானால் வராதது ஆசிரியரின் முடிவு. இரண்டு விதமாகவும் பிரித்து எழுதிப் பாருங்கள். எங்கள் சாய்வு இரண்டாவதன் பக்கம்: தாய் உடை கொண்டுவந்திருந்தால் அந்தக் கந்தல் கடைசிவரை மேடையில் நின்றிருக்காது.

படி 8: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

‘நாயகனின் குறை என்ன?’ என்ற கேள்வியோடு படிப்பது முதல் சறுக்கல். அந்த அளவுகோல் அரிஸ்டாட்டிலின் கவிதையியலிலிருந்து பிற்காலத்தார் செய்துகொண்டது. அரிஸ்டாட்டில் எழுதியதே இந்த நாடகத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தி. இங்கே செர்க்சஸ் வருவது கடைசி 170 வரிகளில்தான். ‘நாயகன்’ என்று ஒருவரைத் தேடினால் நாடகம் கையை விட்டு நழுவிவிடும். மையம் கோரஸ்.

இரண்டாவது, டேரியஸை அப்படியே நம்புவது. ஆவியாக வந்து மகனின் இறுமாப்பைக் கண்டிக்கும் இதே டேரியஸின் படைதான் மாரத்தானில் அழிந்தது. கோரஸே அதை 244-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் 852-இல் தொடங்கும் பாட்டில் அவர் காலம் குறையே இல்லாத பொற்காலமாகிவிடுகிறது. இரண்டு இடத்தையும் அடிக்கோடிடுங்கள். துக்கத்தில் இருப்பவர்கள் இறந்தவரை உயர்த்திப் பேசுவதை ஈஸ்கிலஸ் தெரிந்தே எழுதியிருக்கிறார் என்றுதான் படுகிறது.

மூன்றாவது, கடைசிப் புலம்பலை மௌனமாகப் படிப்பது. மூலத்தில் ‘ஒட்டொட்டொய்’, ‘அயய்’, ‘இயே’ என்று வெறும் ஒலிகளாக வரும். மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஒரே ‘ஐயோ’வாக்கிவிடும். நம் ஊர் ஒப்பாரியில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொல்வதைப்போல, ஒருவர் செர்க்சஸாகவும் இன்னும் இருவராவது கோரஸாகவும் குரல் கொடுத்துப் படித்தால்தான் அந்தப் பகுதி எழுந்து நிற்கும். வரிகள் குறுகிக்கொண்டே போவதும் அப்போதுதான் புலப்படும்.

அடுத்து எது?

‘அகமெம்னான்’. 1673 வரிகள், மூன்று நடிகர்கள். டிராயிலிருந்து சிறைப்பிடித்து வந்த கசாண்ட்ரா, போரிலிருந்து திரும்பும் அரசன் அகமெம்னானோடு 783-ஆம் வரியை ஒட்டித் தேரில் வருகிறாள். அவன் பேசுகிறான், மனைவி பேசுகிறாள், அவளையே நேராக அழைத்தும் பேசுகிறார்கள்; பதில் இல்லை. பேசாத துணைப்பாத்திரம் என்று பார்வையாளர்கள் முடிவுகட்டியபின், 1072-இல் வாய்திறந்து அலறுகிறாள். மூன்றாவது நடிகர் புதிதாக வந்த காலத்தில் அந்த வசதியை ஈஸ்கிலஸ் இப்படி ஒளித்துவைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்.

அதன் தொடர்ச்சியான ‘படையல் ஏந்துவோர்’ நாடகத்தில் பிலாடிஸ் என்ற நண்பனைக் கவனியுங்கள். நாடகம் முழுக்க அகமெம்னானின் மகன் ஒரெஸ்டிஸ் கூடவே வாய் திறக்காமல் வருகிறான். தாயைக் கொல்லலாமா என்று ஒரெஸ்டிஸ் தயங்கும்போது 900–902-இல் மூன்றே வரி பேசுகிறான். சற்று முன்னால்தான் ஒரு பணியாள் பதறியடித்து ஓடிவந்து பேசிவிட்டுப் போயிருப்பான். அவனை நடித்தவரே உடை மாற்றிப் பிலாடிஸாக வருகிறார் என்கிறது பழைய உரைக்குறிப்பு. பணியாளின் கடைசி வரிக்கும் பிலாடிஸின் முதல் வரிக்கும் இடையே எத்தனை வரிகள் என்று எண்ணி, அந்த நேரத்துக்குள் முகமூடி மாற்ற முடியுமா என்று நீங்களே செய்து பாருங்கள்.